அமிதா அருவியும் சேர்வராயன் குகையும்: அருவிக் காட்சியின் குறியீட்டு வரலாறு

அமிதா அருவி ஜப்பானிய ஓவியர் கட்சுஷிகா ஹொக்குசாய் (1760–1849) வரைந்து மரப்பலகை அச்சில் வெளிவந்த நிலக்காட்சி ஓவியம். 1833ஆம் ஆண்டை ஒட்டி வெளியான 'பல மாநிலங்களின் அருவிச் சுற்று' என்னும் எட்டுப் படங்களின் தொகுப்பில் இடம்பெற்றது. அருவி நீர் விழும் காட்சியோடு அது மலையின் மேலே திரண்டு நிற்கும் வட்டமான பள்ளத்தையும் இப்படம் காட்டுகிறது. அந்த வட்டத்தில்தான் படத்தின் சமயப் பொருள் உள்ளது. நீர் பிறக்கும் உச்சியைத் தெய்வ இடமாகக் கருதும் மரபு தமிழ்நாட்டிலும் உண்டு. பொதிகை மலையும், ஏற்காட்டின் சேர்வராயன் கோயிலும் அதன் சான்றுகள். தமிழகத்து அருவி ஒன்று ஐரோப்பிய முறை அச்சோவியமாக வெளிவந்தது ஹொக்குசாயின் தொகுப்புக்குச் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பு. இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஓர் அருவியைக் காண்பதில் எத்தனை வகை உண்டு என்பது தெளிவாகிறது.

ஹொக்குசாயின் அருவித் தொகுப்பு

ஹொக்குசாய் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) பிறந்தவர். நடிகர்கள், அழகியர், போர்வீரர், பேய்க்கதைகள், செடிகொடிகள் எனப் பலவற்றை வரைந்தவர் எழுபது வயதை ஒட்டிய காலத்தில் நிலக்காட்சிகளில் தீவிரமாக ஈடுபட்டார். 'ஃபியூஜி மலையின் 36 காட்சிகள்' என்னும் தொகுப்பு 1830களின் தொடக்கத்தில் வெளிவந்தது. உலகப் புகழ்பெற்ற 'பேரலை' ஓவியம் அதில் உள்ளது. அதை வெளியிட்ட நிஷிமுராயா யோஹாச்சியே அருவித் தொகுப்பையும் வெளியிட்டார்.

ஜப்பானிய அச்சோவிய வரலாற்றில் அருவிகளை மட்டுமே பொருளாகக் கொண்ட முதல் தொகுப்பாக இது கருதப்படுகிறது. எட்டுப் படங்களும் நெடுக்கு வடிவிலானவை. ஒவ்வொன்றும் சுமார் 37 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும் கொண்டது. ஹொக்குசாய் தன் வாழ்நாளில் பலமுறை பெயரை மாற்றிக்கொண்டவர். இப்படங்களில் 'முன்னாள் ஹொக்குசாய், ஈட்சு' என்று கையெழுத்திட்டுள்ளார்.

எடோ காலத்தில் சாதாரண மக்கள் நினைத்தபோது ஊர்விட்டு ஊர் செல்ல முடியாது. சாலைகளில் சோதனைச் சாவடிகள் இருந்தன, அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. புனிதப் பயணம் செல்வோருக்கு அனுமதி எளிதாகக் கிடைத்தது. ஆகவே நாடு சுற்றும் ஆசையும் கோயில் செல்லும் வழக்கமும் ஒன்றாகக் கலந்தன. பயணம் செல்ல முடியாதவர்கள் படங்களை வாங்கினர். நிலக்காட்சி அச்சோவியங்களின் சந்தை இவ்வாறு உருவானது. அருவித் தொகுப்பின் தலைப்பில் உள்ள 'சுற்று' என்ற சொல்லும் தலங்களை வரிசையாகச் சுற்றிவரும் யாத்திரை வழக்கத்திலிருந்து வந்ததே.

அச்சும் நீல நிறமும்

ஜப்பானிய மரப்பலகை அச்சு ஒருவரின் கைவேலை அல்ல. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுருவம் வரைந்து தருவார். அத்தாள் செர்ரி மரப்பலகையின்மேல் கவிழ்த்து ஒட்டப்படும். செதுக்குபவர் கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றவற்றைக் குடைந்தெடுப்பார். ஓவியரின் மூலப்படம் அதோடு அழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை செதுக்கப்படும். எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில் தாள் பொருந்துவதற்காக மூலையிலும் ஓரத்திலும் அடையாள வெட்டுகள் இடப்படும். அச்சிடுபவர் பலகையில் நிறம் பூசி, தாளை வைத்து, மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் திண்டால் பின்புறம் தேய்ப்பார். பதிப்பாளரே முதலீடு செய்து அனைவரையும் ஒருங்கிணைப்பவர்.

அருவித் தொகுப்பின் முதன்மை நிறம் நீலம். அதற்கு முன்பு ஜப்பானிய அச்சுகளில் தாவர நீலங்களே பயன்பட்டன. அவை விரைவில் வெளிறக்கூடியவை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் டச்சு, சீன வணிகர்கள் வழியாக ஜப்பானுக்கு வந்தது. ஜப்பானியர் அதை ஊர்ப்பெயரால் 'பெரோ' என்றழைத்தனர். 1830ஐ ஒட்டி அதன் விலை குறைந்ததும் அச்சோவியங்களில் அது பெருமளவு பயன்படுத்தப்பட்டது. ஆழ்ந்த நீலம், இடைநீலம், தாளின் வெண்மை ஆகிய மூன்றைக் கொண்டே ஹொக்குசாய் நீரின் ஓட்டத்தை உருவாக்கினார். விழும் நீர் அவரிடம் நாடாக்களாகவும் வேர்களாகவும் நரம்புகளாகவும் ஆகிறது. நாட்டின் தொன்மையான புனித அருவிகள் ஜெர்மானிய வேதிப்பொருளால் நிறம்பெற்றன. மூடிய நாடாக இருந்த ஜப்பானில் வெளியுலகம் நுழைந்த சிறிய வழிகளில் இந்த நிறமும் ஒன்று.

அமிதா அருவி

அமிதா அருவி இன்றைய கிஃபு மாநிலத்தில் குஜோ பகுதியில் உள்ளது. உயரம் சுமார் 60 மீட்டர். நாகரா ஆற்றின் தலைப்பகுதியைச் சேர்ந்தது. எடோவையும் கியோட்டோவையும் இணைத்த கிசோ மலைவழிச் சாலையிலிருந்து வெகுதொலைவு உள்ளே இருப்பதால் 'கிசோ சாலையின் ஆழத்தில் அமிதா அருவி' என்று படத்தில் குறிக்கப்பட்டுள்ளது.

அமிதா என்பது அமிதாபர் என்னும் சமஸ்கிருதப் பெயரின் ஜப்பானிய வடிவம். அளவற்ற ஒளி உடையவர் என்று பொருள். மேற்குத் திசைத் தூய நிலத்தின் புத்தர். இறக்கும்போது அவர் பெயரைச் சொல்பவரை அங்கே அழைத்துச் செல்வார் என்பது ஜப்பானில் பரவலான நம்பிக்கை. இந்தியாவில் உருவான மகாயான பௌத்தத்தின் இத்தெய்வம் சீனா, கொரியா வழியாக ஜப்பானை அடைந்தது.

படத்தின் மேற்பகுதியில் இருபுறப் பாறைகளும் விலகி முழுவட்டமான ஒரு திறப்பை உருவாக்குகின்றன. அதனுள் நீர் சுழிகளாகவும் வளைகோடுகளாகவும் நிற்கிறது. வட்டத்தின் அடியிலிருந்து நீர் நேர்கோடுகளாகக் கீழே விழுகிறது. இடப்புறப் பாறைத்திட்டில் மூன்று பேர் உள்ளனர். இருவர் அமர்ந்திருக்க, ஒருவர் அடுப்பு மூட்டி எதையோ சூடாக்குகிறார்.

கண்ணால் பார்க்கையில் இத்தகைய காட்சி அமைவதில்லை. அருவியை நேர்எதிரே நின்று பார்ப்பவருக்கு மேலே நீர் தேங்கும் பள்ளம் தெரியாது. பள்ளத்தைப் பார்க்க மேலிருந்து குனிய வேண்டும். ஹொக்குசாய் இரண்டு பார்வைகளையும் ஒரே தாளில் இணைத்தார். மேல்பகுதி வானிலிருந்து பார்ப்பதுபோலவும், கீழ்ப்பகுதி எதிரே நின்று பார்ப்பதுபோலவும் உள்ளது. ஐரோப்பியத் தொலைநோக்கு முறையை டச்சு அச்சுகள் வழியாக அறிந்திருந்தவர் அவர். ஆகவே இது அறியாமல் செய்த பிழை அல்ல. அம்முறையில் காட்டமுடியாத ஒன்றைக் காட்டுவதற்காக அதை மீறியிருக்கிறார்.

வட்டத் திறப்பு அமிதா புத்தரின் தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டத்தை நினைவூட்டுகிறது என்பது கலை வரலாற்றாளர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். புத்தரின் உருவம் படத்தில் எங்கும் இல்லை. பாறையின் வட்டமே அவர். அங்கிருந்து இறங்கும் நீரை அவர் அருளாகக் கொள்ளலாம். மூன்று பயணிகள் உணவுக்குத் தயாராகும் எளிய காட்சியும் இப்பொருளைக் குலைக்கவில்லை. தெய்வம் இருக்கும் இடத்தில் மனிதர்கள் அடுப்பு மூட்டுவது ஜப்பானிய யாத்திரையில் இயல்பானது. பொங்கல் வைத்து வணங்கும் தமிழருக்கும் அது விளங்கக்கூடியதே.

இவ்வருவி ஹகுசான் மலை வழிபாட்டோடு தொடர்புடையது. ஹகுசான் என்றால் வெண்மலை. அதன் பனி உருகி நாகரா உட்பட நான்கு ஆறுகளுக்கு நீர் தருகிறது. அதன் தெய்வம் கீழே சமவெளியில் நெல் பயிரிடுவோருக்கு நீர் வழங்கும் தெய்வம். ஆகவே அமிதா அருவியின் வட்டப் பள்ளத்தை ஊற்றுக்கண்ணாகக் காண்பதில் பௌத்தமும் அதற்கு முந்தைய மலைவழிபாடும் கலந்துள்ளன.

தொகுப்பின் பிற அருவிகள்

மற்ற ஏழு படங்களும் வெவ்வேறு வகையில் நீரின் பொருளைச் சொல்கின்றன.

ரோபென் அருவி, சகாமி நாட்டின் ஓயாமா மலையடிவாரத்தில் உள்ளது. மழை வேண்டி உழவர்கள் வணங்கும் மலை அது. மலையேறும் முன் பக்தர்கள் அருவியில் நீராட வேண்டும். ஹொக்குசாயின் படத்தில் ஆடையின்றி நெருக்கியடித்து நிற்கும் ஆண்கள் நீராடுகின்றனர். சிலர் மலைக்குக் காணிக்கையாகக் கொண்டுசெல்லும் மரவாள்களை ஏந்தியுள்ளனர். எட்டில் மிகவும் கூட்டமான படம் இது.

யோரோ அருவி, முதியவரான தந்தைக்கு மது வாங்க வழியில்லாத மகனுக்காக அருவி நீரே மதுவாக மாறியது என்ற கதையோடு இணைந்தது. அதன் புகழைக் கேட்ட பேரரசி கென்ஷோ 717ஆம் ஆண்டில் ஆட்சிக்காலத்தின் பெயரையே யோரோ என்று மாற்றினார். முதுமையைப் பேணுதல் என்பது அச்சொல்லின் பொருள்.

கிரிஃபுரி அருவி நிக்கோ பகுதியில் உள்ளது. பெயருக்குப் பொழியும் மூடுபனி என்று பொருள். பாறைமேல் பிரிந்து பிரிந்து இறங்கும் நீரைப் பெருமரத்தின் வேர்போல ஹொக்குசாய் வரைந்தார். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்கின்றனர்.

அவோய்கவோகா அருவி எடோ நகருக்குள்ளேயே இருந்தது. இது இயற்கை அருவி அல்ல. தமேய்கே என்னும் நீர்த்தேக்கத்தின் உபரி நீர் வழிந்து விழுந்த இடம். தொலைதூரத் தலங்களோடு ஊர் ஏரியின் மறுகாலையும் ஹொக்குசாய் சேர்த்தது கவனத்துக்குரியது. நீர் விழும் இடம் எதுவாயினும் அங்கே நின்று பார்க்கத் தக்க ஒன்று உண்டு என்பது தொகுப்பின் நோக்கு.

பொதலகமும் பொதிகையும்

ஜப்பானின் அருவி வழிபாட்டில் மிகப் புகழ்பெற்றது நாச்சி. 133 மீட்டர் உயரமான இவ்வருவியே அங்கு தெய்வத் திருமேனி. சிலை கிடையாது. கருவறை என்று தனியே ஒன்றும் கிடையாது. நீரை நேராக வணங்குவர். நெஸு அருங்காட்சியகத்தில் உள்ள பழைய நாச்சி அருவி ஓவியம் ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று. பட்டுத்துணியில் வரைந்த அந்நெடும்படம் ஹொக்குசாய்க்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது.

நாச்சி அவலோகிதேசுவரரின் உறைவிடமான ஃபுதராகு என்று நம்பப்பட்டது. ஃபுதராகு என்பது பொதலகம் என்னும் இந்தியப் பெயரின் ஜப்பானிய ஒலிப்பு. நாச்சியில் ஃபுதராகுசான்-ஜி என்ற கோயில் இன்றும் உள்ளது. அங்கிருந்து துறவிகள் சிறு படகுகளில் ஏறி, திரும்பி வராத பயணமாகத் தெற்குக் கடலில் பொதலகத்தை நோக்கிச் சென்ற வழக்கம் பல நூற்றாண்டுகள் இருந்தது. கிரிஃபுரி அருவி உள்ள நிக்கோவின் புனித மலையின் பழைய பெயரான ஃபுதாராவும் இதே சொல்லிலிருந்து வந்தது என்று கூறப்படுகிறது.

அந்தப் பொதலகம் தென்னிந்தியாவில் இருந்தது என்பது பழைய பௌத்த மரபு. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத்துறவி யுவான் சுவாங், மலகூட நாட்டில் மலய மலைக்குக் கிழக்கே பொதலக மலை இருப்பதாக எழுதினார். மலகூடம் பாண்டிய நாட்டைக் குறிக்கும். அவர் அங்கே நேரில் செல்லவில்லை, கேட்டதைப் பதிவுசெய்தார். அவர் குறிப்பில் மலையுச்சியில் கண்ணாடிபோலத் தெளிந்த ஏரி ஒன்று உள்ளது. அதிலிருந்து பேராறு ஒன்று பிறந்து மலையைச் சுற்றி இறங்கித் தென்கடலில் கலக்கிறது.

இம்மலை திருநெல்வேலிப் பகுதியின் பொதிகையே என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷு ஹிகோசாகா வாதிட்டுள்ளார். பொதியில் என்ற தமிழ்ப் பெயரும் பொதலகமும் ஒன்றே என்பது அவர் கருத்து. தமிழ் மரபில் பொதிகை அகத்தியரின் மலை. அவலோகிதேசுவரரிடம் அகத்தியர் தமிழ் கற்றார் என்ற கருத்து பௌத்தச் சார்புள்ள தமிழ் இலக்கண நூலான வீரசோழியத்தில் காணப்படுகிறது. பொதிகையில் பிறந்து தென்கடலில் கலக்கும் ஆறு தாமிரபரணி. அது மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடம் பாபநாசம். ஹிகோசாகாவின் அடையாளத்தை ஏற்றால், நாச்சித் துறவிகள் படகில் தேடிச்சென்ற மலையின் அருவி பாபநாசத்தில் உள்ளது.

பாபநாசம்: தமிழக அருவியின் அச்சோவியம்

அந்தப் பாபநாசம் அருவியைத்தான் ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் (1749–1840) அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் (1769–1837) வரைந்து அச்சிட்டனர். இருவரும் 1786இல் கல்கத்தா வந்தனர். வட இந்தியப் பயணத்துக்குப் பின் 1792இல் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டனர். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால், சேலம், திண்டுக்கல் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. போர் நடந்த மலைக்கோட்டைகளைக் காண ஆங்கிலேயர் ஆர்வம் கொண்டிருந்தனர். டேனியல்கள் பாரமகாலில் இராயக்கோட்டை, ஜகதேவி முதலிய கோட்டைகளை வரைந்தனர். சேர்வராயன் மலை இப்பகுதிக்குத் தெற்கே அமைந்தது. பிறகு மதுரை வழியாகப் பாபநாசம் வரை சென்றனர்.

இங்கிலாந்து திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 144 படங்கள் கொண்ட 'ஓரியண்டல் சீனரி' என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டனர். பாபநாசம் அருவி அதன் நிலக்காட்சிப் பகுதியில் இடம்பெற்றது.

டேனியல்கள் கையாண்டது அக்வாடிண்ட் என்னும் செப்புத்தகட்டு அச்சு. தகட்டின்மேல் பிசின்தூளைப் படியவைத்துச் சூடாக்கி, அமிலத்தில் அரிக்கவிடுவர். துகள்களுக்கு இடையே உள்ள செம்பு அரிக்கப்பட்டு மை பிடிக்கும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு கருமை. நீர்வண்ணம் பூசியதுபோன்ற சாயல் கிடைக்கும். அதன்மேல் கையால் நிறம் தீட்டுவர். ஹொக்குசாயின் அச்சில் நீர் கோடுகளால் ஆனது. டேனியல்களின் அச்சில் ஒளியாலும் நிழலாலும் ஆனது.

அன்றைய இங்கிலாந்தில் ஒரு நிலக்காட்சி படத்துக்குரிய அழகு கொண்டதா என்பதே பயணிகள் கேட்ட கேள்வி. கரடுமுரடான பாறை, சிதைந்த கட்டடம், கொட்டும் நீர், சிறிய மனித உருவங்கள் ஆகியவை அதற்கு உகந்தவை. டேனியல்கள் 1810இல் வெளியிட்ட மற்றொரு நூலின் தலைப்பிலேயே அச்சொல் உள்ளது. இரசனையின் அவ்வழியில் பாபநாசம் வியப்பூட்டும் இயற்கைக் காட்சியாக ஆனது.

ஊர்மக்களுக்கு அது வேறொன்று. பாவத்தை அழிப்பது என்பது ஊர்ப்பெயரின் பொருள். சிவபெருமானின் திருமணத்துக்கு அனைவரும் கயிலையில் கூடியபோது நிலம் சமநிலை இழந்தது. அதைச் சரிசெய்யத் தெற்கே அனுப்பப்பட்ட அகத்தியருக்கு இறைவன் இங்கேயே மணக்கோலம் காட்டினார் என்பது தலபுராணம். அருவிக்கு மேலுள்ள தீர்த்தம் அதனால் கல்யாண தீர்த்தம் எனப்படுகிறது. இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யவும், ஆடி அமாவாசையில் நீராடவும் மக்கள் வந்தனர். இப்பொருள் எதையும் அச்சோவியத்தைக் கொண்டு அறிய முடியாது. படம் துல்லியமானது, தொழில்நுட்பத்தில் சிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் பாபநாசத்துக்கு அதுபோன்ற கண்சாட்சி அரிது. ஆயினும் அது நீர் விழுவதோடு நின்றுவிடுகிறது. நீர் வந்த மலையும் செல்லும் வயலும் சட்டத்துக்கு வெளியே உள்ளன.

பின்னர் அருவியே மாறியது. 1880களில் அதன் நீர்விசையால் இயங்கும் பஞ்சாலை விக்கிரமசிங்கபுரத்தில் அமைந்தது. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கியது. மேலே அணை கட்டப்பட்டது. டேனியல்கள் கண்ட கட்டற்ற பெருக்கை இன்று படத்தில்தான் காணமுடியும்.

சேர்வராயன் கோயில்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதி. ஆங்கிலேயர் ஷெவராய் என்றழைத்தனர். சேலம் நகருக்கு வடக்கே எழுகிறது. அதன் உச்சிகளில் ஒன்றில், சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் கோயில் உள்ளது. ஏற்காடு ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவு.

உச்சியில் கோபுரம் எழுப்பிய பெருங்கோயில் இல்லை. தாழ்வான, இருண்ட குகையே கருவறை. குனிந்து உள்ளே செல்ல வேண்டும். அங்கே சேர்வராயனும் அவர் துணைவி காவேரி அம்மனும் உள்ளனர். மலையின் தெய்வமும் ஆற்றின் தெய்வமும் கணவன் மனைவியாக ஒரே குகையில் அமர்ந்திருக்கின்றனர். குகையின் உட்புறம் நிலத்தடி வழியாகக் காவிரி ஆற்றோடு இணைகிறது என்பது மக்கள் நம்பிக்கை.

இக்கோயில் மலையாளி என்னும் பழங்குடி மக்களுடையது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ். கேரளத்தவரோடு தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியினர் என்பது இவர்களின் மரபுக்கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர். கோடையில் நடைபெறும் ஆண்டுத்திருவிழாவுக்குச் சுற்றிலுமுள்ள மலையூர்களிலிருந்து மக்கள் திரண்டு வருகின்றனர். மழைக்காலத்துக்கு முன், நீர் குறைந்திருக்கும் பருவம் அது.

குகைக்கும் காவிரிக்கும் நிலத்தடியில் வழி உண்டா என்பது நம்பிக்கையின் களம். நிலத்தின் மேலே வழி உண்டு என்பது நிலவியல். சேலம் நகர் வழியாக ஓடும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து நாமக்கல் பகுதியில் காவிரியோடு கலக்கிறது. ஓமலூர், எடப்பாடி வழியாகச் செல்லும் சரபங்கா ஆறும் இம்மலையில் தோன்றிக் காவிரியை அடைகிறது. வடபுறம் இறங்கும் வாணியாறு தென்பெண்ணையில் சேர்கிறது. உச்சியில் பெய்யும் மழையின் பெரும்பகுதி காவிரிக்குத்தான் செல்கிறது. மலைத்தெய்வத்தின் அருகே காவேரி அம்மனை அமர்த்திய மக்கள் தங்கள் மலையின் நீர்வழியை அறிந்திருந்தனர். அந்த அறிவுக்கு அவர்கள் அளித்த வடிவம் ஒரு திருமணம்.

அமிதா அருவியின் வட்டப் பள்ளத்தோடு ஒப்பிடத்தக்கது இக்குகை. இரண்டும் பாறையில் இயற்கையாக அமைந்த திறப்புகள். இரண்டிலும் தெய்வம் நீரின் தொடக்கத்தில் உள்ளது. ஹகுசான் நாகராவுக்கு எப்படியோ அப்படியே சேர்வராயன் காவிரிக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதற்கில்லை. மலையிலிருந்து இறங்கும் நீரை நம்பி நெல் விளைவித்த இரு சமூகங்கள் ஒரே வகையான குறியீட்டை அடைந்தன. பொதலகத்தின் உச்சியில் ஏரியைக் கண்ட பௌத்தக் கற்பனையும் அதே வரிசையில் வருகிறது.

கிளியூர் அருவியும் காட்சிக்குரிய மலையும்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். ஆரஞ்சு, பேரி போன்ற பழமரங்களும் வந்தன. தோட்டங்கள் பரவின, ஏற்காடு கோடைவாழிடமாக மாறியது. ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு என்று பெயர்விளக்கம் சொல்வர். அந்த ஏரியின் உபரி நீர் பள்ளத்தாக்கில் இறங்கும் இடமே கிளியூர் அருவி. உயரம் சுமார் 90 மீட்டர். மழைக்காலத்தில் பெருகும். கோடையில் பாறையில் ஈரக்கோடு மட்டும் எஞ்சும் நாட்கள் உண்டு.

ஹொக்குசாய் வரைந்த எட்டில் கிளியூருக்கு நெருங்கியது அவோய்கவோகா. இரண்டும் ஏரி நிறைந்தால்தான் அருவி. ஏரி நிறைய மேலுள்ள சரிவுகள் மழையைப் பிடித்து வைக்க வேண்டும். சேர்வராயன் மலையின் உச்சிச் சமவெளிகளில் பாக்சைட் கனிமம் உள்ளது. மேட்டூரில் அமைந்த அலுமினியத் தொழிலுக்காக 1960களுக்குப் பின் இம்மலையிலிருந்து அது வெட்டியெடுக்கப்பட்டது. பாக்சைட் படிவம் நுண்துளைகள் நிறைந்தது. மழையை உறிஞ்சி மெல்லக் கசியவிடுவது. அகற்றப்பட்ட இடத்தில் நீர் தங்காமல் ஓடிவிடும். மேலே செய்த மாற்றம் கீழே ஆண்டுகள் கழித்தே தெரியும்.

சுற்றுலா வந்த பின் அருவி என்பது நின்று படமெடுக்கும் இடமாகியது. கைபேசிப் படத்தின் சட்டமும் டேனியல்களின் செப்புத்தகட்டின் சட்டமும் அடிப்படையில் ஒன்றே. விழும் நீர் உள்ளே, மலையுச்சி வெளியே. அருவி வற்றியிருக்கும் நாளில் பயணி ஏமாற்றத்துடன் திரும்புகிறார். எதனால் வற்றியது என்பதைப் படம் சொல்வதில்லை.

மதிப்பீடு

அருவிக் காட்சியின் வரலாற்றில் மூன்று பார்வைகள் உள்ளன. டேனியல்களின் பாபநாசம் அருவியைக் கண்ணுக்குரியதாக ஆக்கியது. அதனால் பழைய நிலத்தோற்றம் ஒன்று ஆவணமாக எஞ்சியது. ஹொக்குசாயின் ரோபென் அருவியும், பாபநாசத்தில் நீராடும் மக்களின் வழக்கமும் அருவியை உடலுக்குரியதாகக் கொண்டன. அமிதா அருவியும் சேர்வராயன் குகையும் நீரின் பிறப்பிடத்தை வணங்கின.

மூன்றாம் பார்வையைப் படத்தில் கொண்டுவருவது கடினம், ஏனெனில் கீழே நிற்பவருக்கு ஊற்று தெரியாது. ஹொக்குசாய் அதற்காகப் பார்வையின் விதியை வளைத்தார். சேர்வராயன் மலையில் அதைப் படமாக யாரும் வரையவில்லை. ஆண்டுதோறும் மலையூர் மக்கள் உச்சிக்கு ஏறி, குனிந்து, இருட்டில் காவேரி அம்மனைக் காண்கின்றனர். எடப்பாடி வயல்களில் பாயும் நீருக்கும் அக்குகைக்கும் உள்ள உறவு அந்தச் சடங்கில் காப்பாற்றப்பட்டுள்ளது. சரபங்காவும் திருமணிமுத்தாறும் எவ்வளவு காலம் ஓடும் என்பது அந்த உச்சியின் மண்ணும் மரமும் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பொறுத்தது.